பனி பெய்யும் முகவரி

பகாவ் தாண்டி, செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக் கிராணி நான். இரவு முறை.
லாரி ஏறும், எண் விழும்.
குலையோடு இத்தனை, வெறும் வண்டி இத்தனை.
பதினோரு வருடத்தில்
கழித்தல் கணக்கில் நான் தவறியதில்லை.

இரண்டு லாரிக்கு நடுவே
நாற்பது நிமிடம் சும்மா கிடக்கும்.
அந்த நாற்பதில்தான்
அமெரிக்காவில் குடியேறினேன்.

விசா கேட்கவில்லை. ஒரு பட்டியல் திறந்தது.
விரல் நின்ற இடத்தில் ஒரு மாநிலம்;
அதன் பெயர் இன்றுவரை
என் வாய்க்குள் நுழையவில்லை.
படம் தேடிப் பார்த்தேன்: மலை, பனி,
சிவப்புக் கொட்டகை, ஆளில்லாத சாலை.
பிடித்திருந்தது. கைப்பேசி முகப்பில் வைத்துக்கொண்டேன்.
"இது எந்த ஊரு?" என்றாள் நாகேஸ்வரி.
"குளிரான ஊரு" என்றேன்.
இருக்கும் இடத்தை மறைக்கும் செயலிக்கு
மாதம் பன்னிரண்டு வெள்ளி.

சூதில்லை என்றது அந்தத் தளம்,
பரிசுப் போட்டியாம்.
மஞ்சள் காசை விலைக்கு வாங்கு, அது விளையாட மட்டும்.
கூடவே பச்சைக் காசு இலவசம்,
பின்னால் பணமாவது அதுதான்.
வடை வாங்கினால் சட்னி இலவசம் என்பது மாதிரி.
ஒரு மழைக்காலம் முழுக்க
சட்னிக்காகவே வடை வாங்கினேன்.

பிறகு அந்த மாநிலத்தில்
யாரோ கை தூக்கினார்கள், யாரோ கையெழுத்திட்டார்கள்.
சட்னியும் சூதுதான் என்று சட்டமானது.
விடிகாலை மூன்றேகாலுக்கு எனக்கும் கடிதம்:
"அன்பு வாடிக்கையாளரே, உங்கள் மாநிலத்தில்..."

உங்கள் மாநிலத்தில்.
என் மாநிலம் ஜன்னலுக்கு வெளியே
ஆலைக் கழிவின் வாடையோடு நின்றுகொண்டிருந்தது.

ஜெகதீசன் லாரியை மேடையேற்றிவிட்டு வந்தான்.
"ஒனக்கும் மூடிட்டானா?"
அவனும் அங்கேதான் குடியிருந்திருக்கிறான்,
எனக்குத் தெரியாமல், நாலு தெரு தள்ளி.

சொன்னேன்: முதலில் விற்பதை நிறுத்துவான்,
விளையாட்டை அப்புறம்.
காசை எடுக்க ஒரு தேதி வைப்பான், பொடி எழுத்தில்.
கணக்கில் இருப்பதை இப்போதே படம் பிடித்து வை.
மஞ்சள் காசு செத்துப்போச்சு, அதற்கு அழாதே.
கடைசி நாள் தள்ளுபடி என்று மணியடிப்பான்,
திரும்பிப் பார்க்காதே.
"பக்கத்து மாநிலத்துக்கு மாறிக்கவா?" என்றான்.
இன்றைக்கு அங்கே திறந்திருக்கும். நாளைக்கு?
அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சட்டம் வேலி.
நாம் வேலிக்கு இந்தப் பக்கம், ஜெகா.

எல்லாம் சொல்லிவிட்டு
என் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பச்சைக் காசை
எடுக்கப் போனேன்.
மரியாதையாகத்தான் கேட்டார்கள்:
அந்தத் தெருவில், அந்த எண்ணில்
நீங்கள் வசிப்பதற்கு ஒரு மின்கட்டண ரசீது.

மின்கட்டண ரசீது இருக்கிறது.
நாகேஸ்வரி பெயரில், சிவப்பு எழுத்தில்,
இரண்டு மாத பாக்கியோடு.

மறுநாள் டெலிகிராமில் ஒருவன்:
அண்ணே, நான் எடுத்துத் தரேன்.
முன்பணம் முந்நூறு,
அடையாளக் கார்டு ரெண்டு பக்கமும் அனுப்புங்க.
தமிழில் எழுதியிருந்தான். அண்ணே என்று.
முந்நூறு என்று தட்டிவிட்டேன்,
விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே,
வெளியே ஹாரன்.
என்னைக் காப்பாற்ற வந்தவன் இல்லை,
அவனுக்கு டீசல் எரிகிறது.

அவன் இறங்கிப் போனதும்
கைப்பேசியை மேடை நடுவில் வைத்துவிட்டு
உள்ளே வந்து எண்ணைப் பார்த்தேன்.
சுழி.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
இந்த மேடைக்குத் தெரியாது.

மழை பிடித்தது. ஓடிப்போய் எடுத்துச்
சட்டையில் துடைத்தேன்.
உள்ளே இன்னும் பனி,
அதே கொட்டகை, அதே சாலை.
ஏழு மணிக்கு முறை முடியும்.
நூற்றுப் பதினெட்டு வெள்ளி அறுபது காசு
எங்கே என்று அவள் கேட்பதற்கு முன்
நானே சொல்லிவிட வேண்டும்.